முதற்பலனாகப் போன கார்

தாக்கோலா? கார் சாவிதானே? தாக்கோலு இருக்கும் தம்பி, எங்க போவும்? மொதல்ல இருங்க. கோயம்புத்தூர்ல இருந்து ராத்திரி முழுக்க லாறியில குலுங்கி வந்திருக்கிய. ஒரு வாய் சாயா குடிக்காம காரை ஏத்திக்கிட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? சத்தியபாய்க்க வீட்டுக்கு ஆளு வந்துது, வெறும் வயித்தோட அனுப்பிட்டாளேன்னு சொல்லாதா? டிரைவரையும் விளியுங்க. லாறி அங்கனயே நிக்கட்டு. இந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுக்காண்டாம், எனக்க தென்னம்பிள்ளைய இடிச்சிருவாரு.

எங்க வீட்டாளு வெளிய போயிருக்காவ. தாக்கோலு அவியளுக்க கையிலயாக்கும். வருவாவ. எப்பம்னு கேட்டா நான் என்ன சொல்லட்டு? வயசான ஆம்பள வெளிய எறங்கினா, வழியில கண்டவன்கிட்ட எல்லாம் ரப்பர் வெலை பேசாம வருவாவளா? பேரா? நான் அவியளுக்க பேரு சொல்ல மாட்டேன். கேட்டுல எழுதிப் போட்டிருக்கு பாருங்க, ஏசுவடியான், ரப்பர் வியாபாரம்னு. அவியளாக்கும்.

அந்த டெலிபோன் ரிசீவரு கீழயே கெடக்கட்டு தம்பி. எடுத்து மாத்தி வைக்காதுங்க, அதுக்கு ஒரு கேடு உண்டு. இன்னா, முந்திரிக்கொத்து. கடிச்சுப் பாருங்க, பல்லு போவாது, நேத்து செஞ்சதுதான். உங்க போன் அடிக்குது. எனக்க அண்ணன் மவன் எட்சனா? கெடக்கட்டு. கார ஏத்தியாச்சான்னு கேப்பான், வேற என்ன கேக்கப் போறான்? திங்கிய நேரத்தில என்ன போன். சத்தத்தக் கொறச்சு வையுங்க.

யாரது, வண்டிச் சத்தமா? இல்ல, பால்காரன்.

என்ன அது, கம்பெனி வரலாறா? எட்சன் அடிச்சுத் தந்தானா? கண்ணாடி இல்லாம எனக்கு வாசிக்க முடியாது, நீங்களே வாசியுங்க. ம். எல்கானா மோட்டார்ஸ் என்ற பெயரில் கார் தயாரிக்கத் தொடங்கி... ம். காலத்துக்கேற்ற மாற்றமாக ஃபாஸ்னர் துறையில்... நல்லாருக்கு. போல்ட்டு நட்டுன்னு சொன்னா மதிப்பு கொறஞ்சு போவும்னு ஃபாஸ்னருன்னு வச்சிருக்கான். காலமும் இல்ல, கோலமும் இல்ல தம்பி. கார் செஞ்ச கம்பெனி போல்ட்டு செய்யப் போனது ஒரு அறுப்பின் பண்டிகை ஏலத்திலயாக்கும். நான் அந்தப் பந்தலுக்குள்ள இருந்தேன். எட்சன் அப்பம் நிக்கரு போட்டுட்டு ஐஸ் வாங்கித் தரச் சொல்லி அழுதுட்டு நின்னான், அவனுக்கு என்ன தெரியும்?

அவனுக்க அப்பா ஞானையன் எனக்க கூடப்பொறந்த அண்ணன். இப்பம் ஆஸ்பத்திரியில கெடக்காரு. எட்சன் சொல்லியிருப்பானே. நெஞ்சுக்குள்ள குழாய் அடைச்சுப் போச்சாம். நாளைக்கு திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயி கீறப் போறாவ. இந்த வயசில கீறினா எழும்புவாரான்னு கேட்டதுக்கு, பெரிய டாக்டரு செபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. டாக்டரே செபம் பண்ணச் சொன்னா பின்ன எப்படி இருக்கும் பாத்துக்கிடுங்க. அது கேட்ட நாள் முதல் எனக்கு ஒரே வெப்ராளம். ஒரு இடத்தில இருப்புக் கொள்ளல்ல. நான் எழும்பி எழும்பி வாசல்ல போயி பாக்கியதப் பாத்து நீங்க ஒண்ணும் நெனைக்காதுங்க.

பாக்கப் போனேன், போவாம இருப்பேனா? நான் மட்டும் போனேன். எங்க வீட்டாளு வரல்ல. அண்ணனும் அவியளும் பேச்சு விட்டு மிண்டாம ஆனது எட்சன் நிக்கர் போட்ட காலத்தில. இப்பம் எட்சனுக்கே தலை நரைச்சாச்சு. ஒரே கோயிலுக்குப் போவாவ, ஒரே பாட்டுப் பாடுவாவ, திருவிருந்தில ஒரே அப்பம், ஒரே ரசம். வெளிய எறங்கினா இவிய கெழக்க பாத்து நடப்பாவ, அண்ணன் மேக்க பாத்து நடப்பாரு. நான் நடுவில குடையப் புடிச்சுட்டு நிப்பேன். எனக்கு இனி ஒரே ஒரு ஆசைதான் தம்பி. அண்ணன் அந்தக் கத்திக்குக் கீழ போறதுக்கு முன்ன, ரெண்டு பேரும் ஒரு வாக்கு பேசிரணும். அதுக்குப் பெறவு இந்தக் காரு உங்க ஊருக்குப் போனாலும் சரி, கொளச்சல் கடலுக்குப் போனாலும் சரி.

சாயாவுக்கு சீனி போதுமா? கரண்ட்டும் போயிட்டு பாருங்க. இந்த வருசம் கரண்ட்டு விருந்தாளி போல, தலையக் காட்டிட்டுப் போயிரும். விசிறி தாறேன்.

முன்ன அப்படி இல்ல. ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தில ஒரே பெஞ்சு. ஊருக்குள்ள ஒரே சைக்கிளு, ஒருத்தன் சவுட்டுவான், ஒருத்தன் பின்னால இருப்பான். எனக்க கல்யாணமே அவிய ரெண்டு பேரும் திருவட்டாறு ஆத்துப் பாலத்தில இருந்து பேசி முடிச்சது. வீட்டுக்கு வந்து, ஏட்டி, உன்ன அளியனுக்குக் குடுத்தாச்சுன்னு அண்ணன் சொன்னாரு. எந்த அளியன், உனக்கு ஏது மச்சினன்னு கேட்டேன். இனிமே அவன்தான் அளியன்னு சொன்னாரு. அப்பம் வந்து சேந்தவளாக்கும் நான்.

அண்ணனுக்குக் கார் கிறுக்கு. பஸ்ஸுக்குப் பாடி கெட்டிய ஷெட்டு ஒண்ணு வச்சிருந்தாரு. நம்மளால ஒரு சின்னக் கார் செய்ய முடியாதா, பாடி நம்ம கைதானே செய்யுது, எஞ்சினு மட்டும் வெளிய இருந்து வருத்தினாப் போதாதான்னு ஒரு நாள் தோணியிருக்கு. தோணினதோட விட்டாரா? ஷெட்டுக்கு முன்ன எல்கானா மோட்டார்ஸ்னு போர்டு வச்சாச்சு. ஊரே சிரிச்சுது. ஞானையன் கார் செய்யப் போறானாம், கழுதைக்குக் கல்யாணம் பண்ணப் போறானாம்னு சிரிச்சுது. சிரிக்காத ஒரே ஆளு எங்க வீட்டாளு. ரப்பர் கடைய அடைச்சுட்டு சாயங்காலம் அங்கதான் போவாவ. கரியும் கிரீசுமா வருவாவ. தொவைக்கியது நான்.

போல்ட்டுக்க கதைய மறந்துட்டேன் பாருங்க, நீங்க அதையாக்கும் கேட்டிய. கடையில வாங்கின போல்ட்டு நம்ம ரோட்டுக்குத் தாங்கல்ல. குண்டுலயும் குழியிலயும் விழுந்து எழும்பினா மரை தேய்ஞ்சு களந்துரும். மொதல் தடவை அண்ணன் கார வெளிய எறக்கினப்பம் கோயில் முக்குல கதவு களந்து கையில வந்துட்டு. இவிய பக்கத்தில இருந்து ஒரு கையால கதவப் புடிச்சுக்கிட்டே வந்தாவ. உபதேசியாருக்க வீட்டம்மா கண்டு, மாப்பிள கதவ வெலைக்கு வாங்கிட்டா வாறீங்கன்னு கேட்டா. அண்ணனுக்கு வந்துதே கோவம்! சவத்துக்க போல்ட்டு, நானே செய்யிதேன்னு சொல்லி, மரை போடுத மிசினு ஒண்ணு வாங்கி வச்சாரு. அதில அடிச்ச போல்ட்டு, லேசில களராது. அப்பம் அது காருக்கு ஒரு கைவேலை மட்டுந்தான். போல்ட்டு என்னட்டி, ஒரு உருப்படியா, உருப்படியப் புடிச்சு நிறுத்தியதுக்குள்ளதுன்னு சொல்லுவாரு.

அப்படி ஒரு கார் முழுசா முடிஞ்சுது. செவப்பு. சின்னது. உள்ள நாலு பேரு இருந்தா ஒருத்தனுக்கு மூச்சு முட்டும். ஆனா ஓடிச்சு தம்பி. குலசேகரம் ஏத்தத்தில ஏறிச்சு. நான் அழுதுட்டேன்.

உங்க ஊர்ல அறுப்பின் பண்டிகை உண்டுமா? எங்க சபையில, தோட்டத்தில மொதல்ல வெளைஞ்சத கர்த்தருக்குக் கொண்டு வைக்கணும். அதுதான் முதற்பலன். மொதல் வாழைக்கொலை, மொதல் பலாச்சக்கை, கோழி போட்ட மொதல் முட்டை. அத ஏலம் விடுவாவ. அங்க வெலையப் பாக்க மாட்டாவ, சும்மா கேட்டு ஏத்துவாவ, ஒரு தேங்காய் ஒரு ஆட்டுக்குட்டி வெலைக்குப் போவும். அதில ஒரு மொறை உண்டு. ஆராவது சொந்தக்காரன் ஏலத்தில புடிச்சு, கொண்டு வச்சவனுக்கே திரும்பக் குடுத்திருவான். கோயிலுக்கும் பலன், வீட்டுக்கும் பலன். எல்லாரும் செய்யியதுதான்.

அண்ணன் வேண்டுதல் வச்சிருக்காரு. கம்பெனியில மொதல்ல எறங்குத உருப்படி கர்த்தருக்குன்னு. ஆருக்கும் சொல்லல்ல, அவருக்க வீட்டம்மா, எனக்க மைனிக்குக் கூட. மெட்ராசில இருந்து ஆபீசர்மாரு கார் பாக்க வரப் போறாவ, லைசன்சு விசயமா. கண்ணுல கார் காணாம ஒப்புப் போட மாட்டாவ. கையில முழுசா உள்ளது அந்த ஒரு காருதான், ரெண்டாவது பாதியில நிக்குது. அத நெனச்சாவது பார்த்தாரா? பண்டிகை அன்னைக்கு காலம்பற, வாழைக்கொலைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில கார ஓட்டிட்டு வந்து நிறுத்தினாரு. முன்னால ஒரு தென்னம்பாளை கெட்டியிருக்கு. நான் பல நாளு நெனப்பேன் தம்பி, அந்தக் கம்பெனியில மொதல்ல எறங்கினது காரே இல்ல, போல்ட்டுதானே. ஒரு போல்ட்ட துடைச்சுக் காணிக்கைத் தட்டில போட்டிருந்தா எல்லாம் சொவமா முடிஞ்சிருக்கும். ஆரு சொல்ல?

மொதல்ல ஜனம் சிரிச்சுது. பெறவு மலைத் தோட்டக்காரன் ஒருத்தன் எழும்பி கேக்கத் தொடங்கினான். மரம் அறுக்கிய மில்லு வச்சிருக்கான். அவனுக்குக் கார் வேண்டாம், எஞ்சினு வேணும். பக்கத்தில இருந்தவன்கிட்ட, பாடியக் கோழிக்கூட்டுக்குக் குடுத்திரலாம்னு சொல்லியான், எனக்கு செவியில விழுது. எங்க வீட்டாளுக்கும் விழுந்திருக்கு. எழும்பிட்டாவ. அவன் ஏத்த, இவிய ஏத்த. அண்ணன் தலை குனிஞ்சு செபம் பண்ணிட்டு இருக்காரு, கையில இருந்ததெல்லாம் அந்த ஷெட்டுல போட்டாச்சு, அவருக்குக் கேக்க வழியில்ல. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு முடிஞ்சப்பம் எங்க மேட்டுத் தோட்டம் போயிருக்கு, கார் எங்களுக்கு ஆயிருக்கு. எனக்கு சங்கடம் இல்ல. சத்தியமா இல்ல. அண்ணனுக்க கார கோழிக்கூடு ஆகாமக் காப்பாத்திட்டாவளேன்னு பெருமை.

போன் பின்னயும் அடிக்குதா? எட்சனுக்குப் பொறுமை கெடையாது, சின்னதிலயே. அடிச்சு ஓயட்டு. கேளுங்க, இதுதான் முக்கியம்.

ஆசீர்வாதம் சொல்லி முடிஞ்சு எல்லாரும் நிக்கியாவ. இவிய சிரிச்சுட்டே அண்ணன்கிட்ட போயி, இந்தா அளியான்னு தாக்கோல நீட்டினாவ. எல்லாரும் செய்யியதுதானே, நான் சொன்னேன்லா. அண்ணன் வாங்கல்ல. முகம் கறுத்துப் போச்சு. கர்த்தருக்குக் குடுத்தத நான் திரும்ப எடுக்கவா? நாய் கக்கினதத் தின்னுதது போல என்னத் திங்கச் சொல்லுதியான்னு கேட்டாரு. வேதத்தில உள்ள வசனந்தான். அண்ணன் சொன்னது தன்னத்தான். தான் நாயாயிருவேன்னு சொன்னாரு. ஆனா சபை மொத்தமும் பாத்துட்டு நிக்குது, தோட்டத்த வித்து வாங்கினதக் கையில வச்சு நீட்டிட்டு நிக்கிய மனுசனுக்கு அது எப்படிக் கேக்கும்? எனக்க பொருளு கக்கலான்னு கேட்டாவ. கார்ல ஏறி வீட்டுக்குக் கொண்டு வந்து இந்த ஷெட்டுல விட்டாவ. நான் மைனிக்க கூட நடந்து வந்தேன்.

அப்பமாவது தீந்திருக்கலாம். ஆபீசர்மாரு வந்த அன்னைக்கு காலம்பற மைனி, ராஜபாய், வாசல்ல வந்து நின்னா. உள்ள வரச் சொன்னா வரல்ல. ஒரு பகலுக்குக் கார் வேணும்னு கேட்டா. இவிய என்ன சொன்னாவ தெரியுமா? மாட்டேன்னு சொல்லல்ல. அளியன் வந்து ஒரு வாக்கு கேக்கட்டு, நானே ஓட்டிட்டு வாறேன்னு சொன்னாவ. சொல்லிட்டு குளிச்சு, வெள்ளை வேட்டி உடுத்து, தாக்கோலையும் கையில வச்சுக்கிட்டு நீங்க இருக்கிய கசேரியிலதான் இருந்தாவ. அண்ணன் கம்பெனியில இருந்து என்ன சொன்னாரு? நான் வந்து கேட்டா அது திரும்ப எடுத்த கணக்கு. அவனா கொண்டு வந்தா அவனுக்க காரு, அவனுக்க இஷ்டம். வரட்டு, நான் கெட்டிப் புடிச்சுக்கிடுவேன்னு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் மனசு உண்டு. கேட்டியளா, ரெண்டு பேருக்கும் உண்டு. இடையில உள்ளது ரெண்டு மைலு ரோடு. மைனி அந்த ரோட்டுல போனா, வந்தா, போனா, வந்தா. செருப்பு அறுந்து போச்சு பாவத்துக்கு. ஆபீசர்மாரு கோழிக்கறியும் பத்திரியும் தின்னுட்டு, கதவில்லாத ரெண்டாவது காரச் சுத்தி நடந்து பாத்துட்டு, போயிட்டாவ. லைசன்சு இல்ல. கம்பெனி நின்னு போச்சு.

நின்ன கம்பெனியில ஓடுதது அந்த மரை போடுத மிசினு மட்டுந்தான். கொளச்சல்ல இருந்து ததேயுஸ்னு ஒருத்தன், வள்ளம் செய்யியவன், வந்து, உப்புத் தண்ணியில களராத போல்ட்டு வேணும், கேள்விப்பட்டேன்னு கேட்டான். அடிச்சுக் குடுத்தாரு. அவன் வழியா குறும்பனை, முட்டம், கடக்கரை முழுக்கப் போச்சு. பெறவு ஆரல்வாய்மொழியில கரண்ட்டு எடுக்கிய காத்தாடி வந்துது. நீங்க வரும்ப பாத்திருப்பியளே, ஊரு முழுக்க நின்னு சுத்துதே. அதுக்கெல்லாம் கீழ புடிச்சு நிக்கியது ஆளு தண்டியில போல்ட்டு. எட்சன் படிச்சு வந்து அதப் புடிச்சான். கம்பெனி பெரிசாச்சு. போர்டுல மோட்டார்ஸ அழிச்சு ஃபாஸ்னர்ஸ்னு எழுதினாவ. அன்னைக்கு அண்ணன் சோறு தின்னல்லன்னு மைனி சொன்னா.

இவிய மட்டும் என்ன? கார ஓட்ட மாட்டாவ. விக்க மாட்டாவ. மழைக்காலம் ஆனா ஓட்டுக்கு மேல தார்ப்பாய். ஞாயித்துக்கெழமை கோயில் விட்டு வந்தா, ஷெட்டுக்குள்ள போயி எஞ்சின ஓட விட்டுட்டு நிப்பாவ. பேட்டரி மாத்துவாவ, டயரு மாத்துவாவ. என்னத்துக்குன்னு கேட்டேன் ஒரு நாளு. அவன் வந்து கேக்கிய அன்னைக்கு ஸ்டார்ட் ஆவல்லன்னா மானம் போயிரும்னு சொன்னாவ.

இருங்க, ஒரு சத்தம். இல்ல, ரப்பர் ஷீட்டு ஏத்துத வண்டி.

சுனாமி வந்த வருசம் நடந்தத சொல்லுதேன். மணக்குடியில பாலத்தையே எடுத்துட்டுப் போச்சு கடலு. சபையில இருந்து எல்லாரும் போனோம், இவிய பொதிச்சோறு வண்டியில. வள்ளத்த எல்லாம் ஒடைச்சுப் போட்டிருக்கு. பெறவு செப்பம் பாக்கத் தொடங்கினப்பம் அண்ணன் சாக்குச் சாக்கா போல்ட்டு கொண்டு வந்து எறக்கினாரு. எறக்க ஆளில்ல. இவிய போயி முதுகு குடுத்தாவ. அண்ணன் மேல நின்னு தூக்கி வைக்கியாரு, இவிய கீழ நின்னு வாங்குதாவ. ஒரு மிண்டாட்டமும் இல்ல. கை மட்டும் கையில படுது. நான் தூர நின்னு, கர்த்தாவே இப்பம், இப்பம்னு செபிச்சுட்டு நின்னேன். கடைசிச் சாக்கு எறங்கிச்சு. அண்ணன் கையத் தட்டிட்டு வண்டியில ஏறிட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கடல்ல போயி ரெண்டு பேரையும் தள்ளிரலாம்னு இருந்துது. ஊரு முழுக்கப் பொணம், இதுக ரெண்டுக்கும் ரோசம்.

இப்பம் எட்சன் கம்பெனிய உங்க மொதலாளிமாருக்குக் குடுத்தாச்சு. சரி, அவனுக்க இஷ்டம். உங்க ஆளுகளுக்குக் காரும் வேணுமாம், கண்ணாடி அறையில வச்சு, இதுதான் எங்க தொடக்கம்னு வாறவனுக்குக் காட்ட. எட்சன் மாமன்கிட்ட வந்து கேட்டான். தர மாட்டாவன்னு நான் நெனச்சேன். எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாவ. ஏன் சொன்னாவ தெரியுமா? அன்னைக்குத்தான் அண்ணன ஆஸ்பத்திரியில சேத்தது. இனி அவன் வரமாட்டான், ஆருக்கு வேண்டி வச்சிருக்கன்னு என்கிட்ட சொல்லிட்டு, அன்னைக்கு ஷெட்டுக்குள்ளயே ரொம்ப நேரம் இருந்தாவ.

நீங்க மணி பாக்குதிய. தெரியுது. டிரைவரும் தின்னு முடிச்சாச்சு. இனி உங்கள இருத்தி வைக்கியது பாவம். ஷெட்டு தொறந்துதான் கெடக்கு தம்பி. தாக்கோலு ஒண்ணும் வேண்டாம். போயி எட்டிப் பாருங்க, ஆயிலு சொட்டின தரையும், சக்கரத்துக்கு முட்டுக் குடுத்த செங்கலும் கெடக்கும். கார் இல்ல.

கோவப்படாதுங்க. இருங்க, சொல்லுதேன். இன்னைக்கு வெளுப்பாங்காலம், விடியுத நேரம், கேட்டுல ஒரு ஆட்டோ வந்து நின்னுது. அண்ணன். ஆஸ்பத்திரி உடுப்பு, அதுக்கு மேல மைனிக்க சால்வை. புறங்கையில ஊசி குத்தின இடத்தில பஞ்சு ஒட்டியிருக்கு. கார் இன்னைக்குப் போவுதுன்னு மைனிதான் ராத்திரி சொல்லியிருக்கா. நர்சு மாறுத நேரம் பாத்து அவளே ஆட்டோ விளிச்சு ஏத்தியும் விட்டிருக்கா. அவளும் எத்தன காலந்தான் அந்த ரோட்டுல நடப்பா? அண்ணன் இந்தப் படியேற நின்னு நின்னு மூச்சு வாங்கினாரு. நான் வாயில அடிச்சுக்கிட்டு ஓடினேன். அவரு என்னப் பாக்கல்ல. உள்ள பாத்து, ஏட்டி, அளியன் எங்கன்னு கேட்டாரு. கார் எங்கன்னு கேக்கல்ல தம்பி. அளியன் எங்கன்னு கேட்டாரு.

இவிய பாதி சவரத்தோட வந்து நின்னாவ. உள்ள போயி தாக்கோல எடுத்துட்டு வந்து நீட்டினாவ. அண்ணன் வாங்கினாரு. எனக்கு வேண்டாம், ஒரு தடவை ஓட்டணும், நீ கூட இருன்னு சொன்னாரு. பிரேக்கு அவ்வளவு பிடிக்காது அளியான்னு இவிய சொன்னாவ. அது உனக்கு எப்பமும் பயந்தானேன்னு அவரு சொன்னாரு. பேசிட்டாவ. நீங்க நம்புவியளோ என்னவோ, அங்க வச்சுதான், அந்த நடையில நின்னு பேசிட்டாவ.

நாளைக்குக் கீறப் போற நெஞ்சு. நான் மறிச்சிருக்கணும்தான். மறிக்கல்ல. நான்தான் கேட்டைத் தொறந்து விட்டேன். மேக்க போறாவளா, வட்டக்கோட்டைப் பக்கம் கடல் காணப் போறாவளான்னு கூட கேக்கல்ல. ஆத்துப் பாலத்துக்கிட்ட உங்க லாறிக்கு எதுக்க ஒரு சின்னச் செவப்பு வண்டி வந்திருக்குமே, டிரைவரக் கேளுங்க, அவருதான் ஓரம் ஒதுங்கி வழி விட்டிருப்பாரு. அவியளுக்குக் கொஞ்ச நேரமாவது கெடைக்கட்டுன்னுதான் ரிசீவர எடுத்துக் கீழ வச்சுட்டு, உங்களச் சாயாவும் கதையுமா இருத்தி வச்சேன். ஒவ்வொரு வண்டிக்கும் எனக்க உயிரு போயிப் போயி வருது. நெஞ்சு நின்னுருக்குமோ, பிரேக்கு நிக்காமப் போயிருக்குமோன்னு.

இன்னா, பின்னயும் அடிக்குது. இப்பம் எடுங்க மக்கா. எட்சன் கார ஏத்தியாச்சான்னு கேக்க விளிக்கல்ல. கட்டிலு காலியாக் கெடக்குன்னு விளிக்கியான். பயப்படாண்டாம்னு சொல்லுங்க. அப்பா ஒத்தைக்கு இல்ல, மாமா கூட இருக்காருன்னு சொல்லுங்க.